உண்ணப்பட்ட மீனும் விழுங்கிய மீனும்

கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் நின்று திமிங்கிலம் தேடுகிறவர் அஸர் தொழுதுவிட்டு வருவது நல்லது. காலையில் வெயில் கடலின் மேலிருந்து நேரே கண்ணில் அடிக்கும். தண்ணீர் முழுவதும் ஒரே மினுக்கமாக இருக்கும். பின்னேரமானால் சூரியன் வயல் பக்கம் இறங்கி முதுகுக்குப் பின்னால் போய்விடும். கடலின் நிறம் தெளியும். அலையின் அசைவு எது, உயிரின் அசைவு எது என்று அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். வாடை வீசும் மாதங்களில் இந்த முயற்சி வீண். வாடை ஓய்ந்து, மார்ச் தொடக்கம் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிற காலமே பார்வைக்குத் தோதானது.

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் எல்லாமே தட்டையான மணற்கரைகள். மணலில் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் 5 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் நீலத்திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்த்திவலைத் தூண் 9 மீற்றர் வரை உயரக்கூடியது. உடல் தொடுவானத்துக்குக் கீழே மறைந்திருந்தாலும் அந்த மூச்சு மட்டும் மேலே தெரியலாம். டொல்பினைத் தேடுகிறவர் பறவைகளைக் கவனிக்க வேண்டும். கடற்பறவைகள் ஓரிடத்தில் கூடி விழுந்து எழுந்தால் கீழே சிறுமீன் கூட்டம் இருக்கிறது. அதைத் துரத்திச் சூரை வந்திருக்கும். சூரையோடு டொல்பினும் வந்திருக்கக்கூடும். ஆழ்கடலுக்குப் போகிற மீனவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவார்கள். துள்ளிச் சுழன்று விழும் டொல்பினைக் கண்டு, அங்கே சூரைக்குத் தூண்டில் போடுவது இலங்கைக் கடலோரத்தில் பழகிய வழக்கம்.

திமிங்கிலத்துக்குப் பேர்போன இடங்கள் வேறு. தெற்கே மிரிஸ்ஸ. வடக்கே திருகோணமலை, அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாய்வரை வந்து நிற்பதால், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்தே நீலத்திமிங்கிலத்தைக் காண முடிகிறது. சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதன்பின், 1980களின் தொடக்கத்தில், ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளரும் தோழர்களும் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்து திருகோணமலைக் கடலின் நீலத்திமிங்கிலங்களை உலகுக்குச் சொன்னார்கள். உள்நாட்டுப் போர் அந்தக் கடலை மூடியது. 2009இல் அது முடிந்த பிறகே பார்வையாளர்களின் படகுகள் அங்கே போயின. கல்முனைக்கு இந்தப் பெயரும் புகழும் இல்லை. இருந்தாலும் அதே கடல்தான் இங்கேயும் வந்து அடிக்கிறது. கரையில் நிற்கிறவர்கள் வேதத்தை ஓதுகிறவர்கள். அந்த வேதத்தில் கடலின் பெரிய உயிருக்கு இடம் உண்டு.

ஆகவே கேள்வி இதுதான்: அந்தப் பெரிய உயிர் மனிதனுக்கு யார்? அவனுக்காகப் படைக்கப்பட்ட இரையா, அவனைப்போலவே படைத்தவன் முன்னால் நிற்கிற இன்னொரு சமுதாயமா? அல்குர்ஆன் இரண்டையும் சொல்கிறது. ஸூறா அந்நஹ்லில், கடல் மனிதருக்கு வசப்படுத்தித் தரப்பட்டது. அதிலிருந்து அவர்கள் புதிய இறைச்சியை உண்கிறார்கள், அணிகலன் எடுக்கிறார்கள். ஸூறா அல்அன்ஆமில், பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் மனிதரைப்போன்ற சமுதாயங்களே. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பது எப்படி?

பெரிய கடல் உயிர் ஒன்று கரையொதுங்கினால் முஸ்லிம் ஊரில் எழக்கூடிய முதல் கேள்வி, இது ஹலாலா என்பது. அந்தக் கேள்வியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. உயிரொன்றைத் தொடுமுன் அனுமதி கேட்கிற பழக்கம் அதில் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் விடை விரிவானது. 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதிய 'மின்ஹாஜ்' நூல் தொடக்கம் மத்ரஸாக்களில் ஓதப்படும் பிற்கால நூல்கள் வரை, கடலில் மட்டுமே வாழ்கிறவை எந்த உருவில் இருந்தாலும் உண்ணத்தக்கவை என்பதே வலுவான கருத்து. ஹனபி மத்ஹபினர் மீனுக்கு மட்டுமே அனுமதி தருகிறார்கள். அதனால் திமிங்கிலம் மீன்தானா என்ற விவாதம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஷாபிஈகளுக்கு அது தேவைப்படவில்லை.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பசியின் கதை இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியும் ஸஹீஹ் முஸ்லிமும் அதை ஜாபிர் (ரழி) அவர்களின் வாய்மொழியாகப் பதிவு செய்திருக்கின்றன. ஏறத்தாழ ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. அபூ உபைதா (ரழி) தலைமையில் 300 பேர் செங்கடல் கரையோரம் அனுப்பப்படுகிறார்கள். கையில் இருந்தது பேரீச்சம்பழம். அது குறைந்து குறைந்து, நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பழம் என்றாகிறது. பிறகு அதுவும் இல்லை. மரத்து இலைகளைத் தடியால் அடித்து உதிர்த்துத் தண்ணீரில் நனைத்துத் தின்கிறார்கள். அந்த நிலையில், கரையில் மணல்மேடு மாதிரி ஒன்று தெரிகிறது. கடல் ஒதுக்கிய 'அம்பர்' என்ற பெருமீன்.

அபூ உபைதாவின் முதல் வார்த்தை மறுப்பு. அது செத்தது, உண்ணக்கூடாது என்றார். பிறகு தன் கருத்தை மாற்றிக்கொண்டார்: நாம் அல்லாஹ்வின் பாதையில் வந்தவர்கள், நிர்ப்பந்தத்தில் இருக்கிறோம், உண்ணுங்கள் என்றார். நாட்கணக்கில் உண்டார்கள், ஓர் அறிவிப்பில் 18 நாள், மற்றொன்றில் ஒரு மாதம். அதன் கண்குழியிலிருந்து குடம்குடமாகக் கொழுப்பு எடுத்தார்கள். 13 பேர் அந்தக் குழிக்குள் உட்கார முடிந்தது. விலா எலும்பை நட்டு வைத்தபோது, ஒட்டகத்தின் மேல் ஏறியவர் அதன் கீழால் போனார். மதீனா திரும்பிச் சொன்னதும், அது அல்லாஹ் வெளிப்படுத்தித் தந்த உணவு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மீதம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தாங்களும் உண்டார்கள். அந்த ஒரு வாய் உணவு, நிர்ப்பந்தத்துக்கான சலுகையைப் பொது அனுமதியாக்கியது.

இந்தக் கதையை 'ஹலால்' என்ற தீர்ப்போடு நிறுத்திவிடுவது அநியாயம். அறிவித்தவர்கள் பசியையும் அதிசயத்தையும் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டினி தீர்ந்த மனிதர்கள் எலும்பை நட்டு அளந்து பார்த்தார்கள். கண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்து பார்த்தார்கள். உண்டவர்கள் பார்க்கவும் செய்தார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த மீனை யாரும் வேட்டையாடவில்லை. கடல் கொண்டுவந்து போட்டது.

அந்தக் காலத்து மனிதனால் கடலைக் காலியாக்க முடியாது. ஸூறா அல்மாஇதாவில், இஹ்ராம் கட்டியவருக்கு நிலத்து வேட்டை தடுக்கப்பட்ட இடத்திலேயே கடல் வேட்டை அனுமதிக்கப்படுகிறது. நிலத்து மானுக்கு மனிதனிடமிருந்து பாதுகாப்புத் தேவைப்பட்டது. கடலின் ஆழம் தன் உயிர்களைத் தானே காத்துக்கொண்டது என்று இதை வாசிக்க இடம் இருக்கிறது. இது மார்க்க அறிஞர்கள் எடைபோட வேண்டிய வாசிப்பு. ஆனால் நிலைமை மாறியது என்பதில் சந்தேகம் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலில் சட்டத்துக்குப் புறம்பாக 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. ஓமான் கரையில் இன்று அந்த இனத்தில் எஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு என்று கணிக்கப்படுகிறது. அம்பர் கரையொதுங்கிய தீபகற்பத்தின் மறுபக்கத்தில் நடந்தது இது.

இலங்கைச் சட்டம் திமிங்கிலத்தையும் டொல்பினையும் கொல்வதையும் அவற்றின் இறைச்சியை விற்பதையும் தடுக்கிறது. மார்க்கம் அனுமதித்ததை அரசு தடுக்கலாமா என்று சில இடங்களில் கேட்கிறார்கள். முன்மாதிரி மதீனாவிலேயே இருக்கிறது. ஓர் ஆண்டில், பஞ்சப்பட்டவர்கள் ஊருக்குள் வந்தபோது, குர்பான் இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் சேமிக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். தேவை தீர்ந்ததும் தடையை நீக்கினார்கள். மதீனாவைச் சூழ்ந்த எல்லைக்குள் வேட்டையும் மரம் வெட்டலும் தடுக்கப்பட்டன. அனுமதிக்கப்பட்ட ஒன்றை, பொதுநலன் இருந்தால், ஆட்சியாளர் மட்டுப்படுத்தலாம். அப்போது கட்டுப்படுவது கடமை என்று ஷாபிஈ அறிஞர்களும் எழுதியிருக்கிறார்கள். 1979இன் சரணாலய அறிவிப்பை இந்தக் கண்ணால் பார்த்தால் அது அந்நியமாகத் தெரியாது.

மீனவருக்கு இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இரவில் விரித்த வலையில் டொல்பின் சிக்கி, விடியுமுன் மூச்சடைத்துச் செத்துக் கிடக்கிறது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. வலையும் கிழிந்து நட்டம். தின்னலாம் என்று மத்ஹப் சொல்கிறது, விற்காதே என்று சட்டம் சொல்கிறது, கடலில் எறிந்தால் வீண்விரயம் என்று மனம் சொல்கிறது. எறிவதுதான் சரி என்றே தோன்றுகிறது. விலை கிடைக்கும் என்று ஆனதும் 'தற்செயல்' வேண்டுமென்றே நடக்கத் தொடங்கிவிடும். ஆனால் இந்த முடிவின் பாரத்தை மீனவர் ஒருவரே சுமக்கிறார். குத்பா மேடையிலிருந்து இதைப்பற்றி ஒரு விளக்கம் வந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்.

இனி இரண்டாவது மீன். அம்பரை மனிதர்கள் உண்டார்கள். இந்த மீன் மனிதரை விழுங்கியது.

நபி யூனுஸ் (அலை) அவர்களின் கதை அல்குர்ஆனில் பல இடங்களில் சிதறியிருக்கிறது. ஸூறா அஸ்ஸாஃப்பாத்தில்தான் தொடர்ச்சியாக வருகிறது. தம் சமூகத்தின் மீது மனம் கசந்து, உத்தரவு வருமுன்னே புறப்பட்டு, பாரம் நிறைந்த கப்பலில் ஏறுகிறார். சீட்டுக் குலுக்கியதில் அவர் பெயர் விழுகிறது. மீன் விழுங்குகிறது. உள்ளே அவர் தம்மையே குற்றம் சொல்லித் துதிக்கிறார். துதித்திராவிட்டால் மறுமைவரை அந்த வயிற்றிலேயே இருந்திருப்பார் என்கிறது வேதம். பிறகு வெட்டவெளிக் கரை, நோயுற்ற உடல், அவர் மேல் நிழலாகப் படர்ந்த ஒரு கொடி, இலட்சம் பேருக்கும் அதிகமான ஒரு சமூகம்.

நீலத்திமிங்கிலத்தின் தொண்டை சிறியது, ஸ்பேர்ம் திமிங்கிலமென்றால் ஆளை விழுங்கலாம் என்று இதை உயிரியலால் நிரூபிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேதம் இனத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதன் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. தப்ஸீர் நூல்கள் ஒரு செய்தி தருகின்றன: யூனுஸின் சதையைத் தின்னாதே, எலும்பை முறிக்காதே, அவர் உனக்கு றிஸ்க் அல்ல என்று மீனுக்குக் கட்டளை வந்தது. இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். படைத்தவன் ஒரு கடல் உயிரோடு நேரே பேசுகிறான். எது உணவு, எது உணவல்ல என்ற எல்லை அதற்கும் வகுக்கப்படுகிறது. அது கேட்கிறது. வாயில் வந்த இரையை அது விட்டுவைக்கிறது.

அம்பர் கதையில் மனிதனுக்கு 'உண்ணலாம்' என்று அனுமதி வந்தது. யூனுஸ் கதையில் மீனுக்கு 'உண்ணாதே' என்று கட்டளை வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கடல் யாருக்காக என்ற கேள்வியே நிறம் மாறுகிறது. அனுமதியும் தடையும் இருபுறமும் போய்வருகின்றன. மனிதன் ஒருவனே கட்டளை கேட்கும் உயிர் என்ற நினைப்பு அங்கே நிற்காது.

மனிதரைப்போன்ற சமுதாயங்கள் என்ற வசனத்தில், எந்த வகையில் 'போன்ற' என்று தப்ஸீர் அறிஞர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். இறைவனை அறிந்து துதிப்பதில் என்றார்கள் சிலர். உணவும் ஆயுளும் அளந்து தரப்பட்டதில் என்றார்கள் வேறு சிலர். மறுமையில் எழுப்பப்படுவதில் என்றும் சொன்னார்கள். 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் 'இக்வானுஸ் ஸஃபா' அறிஞர் குழு இதை ஒரு வழக்காகவே எழுதியது: மிருகங்கள் ஜின்களின் அரசன் முன்னால் மனிதனுக்கு எதிராக முறையிடுகின்றன. தீர்ப்பு மனிதன் பக்கம் போனாலும், அதற்குமுன் பல பக்கங்கள் நீளும் மிருகங்களின் வாதம் படிக்கிறவரை அமைதியாக இருக்க விடாது.

இன்றைய ஆய்வு அந்த வசனத்தை நிரூபித்துவிட்டது என்று மார்தட்டுவது தேவையில்லாத வேலை. வேதத்துக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் விசுவாசி ஒருவர் அந்த ஆய்வைப் படித்துவிட்டு அந்த வசனத்தை ஓதும்போது மனம் கூடுதலாக அசைவது உண்மை. இந்து சமுத்திரத்தில் தொடங்கிய வைட்ஹெட் பிற்காலத்தில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் குடும்ப வாழ்வை ஆராய்ந்தார். தாய்களும் குட்டிகளும் கூட்டாக வாழ்கின்றன. தாய் இரைக்காக ஆழத்துக்கு இறங்கும்போது, அவ்வளவு ஆழம் போக முடியாத குட்டியோடு கூட்டத்தில் வேறொன்று மேலே நிற்கிறது. 'டிக் டிக்' என்ற ஒலிக்கோவைகளால் பேசிக்கொள்கின்றன. குலத்துக்குக் குலம் அந்தப் பேச்சு வேறு.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு, ஆலந்தலைக் கரைகளில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்து விட்டார்கள். பல திரும்பி வந்தன, கூட்டம் கிடந்த கரைக்கே. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. 2020 நவம்பர் 2ஆம் திகதி இலங்கையின் பாணந்துறையில் அதே இனம் நூறளவில் ஒதுங்கியது. கொரோனா ஊரடங்கு நேரம். கடற்படையினரோடு ஊர்ச்சனமும் தண்ணீரில் இறங்கி இரவிரவாகத் தள்ளி, சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் கடலுக்கு அனுப்பினார்கள். தன் கூட்டத்தை விட்டுப் போக மறுத்துச் சாகத் திரும்பும் உயிருக்கு 'சமுதாயம்' என்ற சொல் பொருந்தாது என்று யார் சொல்வார்?

கல்முனையில் இதையெல்லாம் எழுதும்போது ஒரு நாளைத் தாண்டிப் போக முடியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி அடித்த நாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இலங்கையில் மிக அதிகமாக உயிர் போனது இந்த மாவட்டத்தில்தான். கரையோர வீதிகள் வீதிகளாகவே அழிந்தன. கடலுக்கு முகம் வைத்துக் கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் கடலுக்கு முதுகு காட்டி இருக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த ஊர்களில் போய், கடலைப் பாருங்கள், அதில் அத்தாட்சி இருக்கிறது என்று சொல்வது லேசான காரியம் அல்ல.

அந்த நாட்களில் இது தண்டனை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத ஒன்றை மேடையில் சொல்லவும் கூடாது. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்பது நபிமொழி. அதுவே இந்தக் கரைக்குரிய வார்த்தை. யூனுஸ் நபியின் கதையும் இங்கே வேறுவிதமாக ஒலிக்கிறது. கடலின் இருட்டிலிருந்து அவர் கேட்ட துஆவைத்தான் துன்பம் வரும்போது வீடுகளில் ஓதுகிறார்கள். அந்தக் கதையில் கடலுக்குக் கோபம் இல்லை, மீனுக்கும் இல்லை. ஒருவரை விழுங்கவும் பத்திரமாகத் திருப்பித் தரவும் அவை ஏவப்பட்டவை. திருப்பித் தரப்படாதவர்களைப் பற்றிக் கதை பேசவில்லை. அந்த மௌனத்தை விளக்கிவிடத் துடிப்பதைவிட, அதனோடு இருப்பதே நேர்மை.

இமாம் தமீரி என்ற எகிப்திய ஷாபிஈ அறிஞர், 1405இல் மறைந்தவர், உயிரினங்களைப்பற்றி 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூல் எழுதினார். ஒவ்வொரு உயிரையும் வருணித்து, உண்ணலாமா என்ற சட்டத்தையும் சொல்லும் நூல் அது. அரபு அகராதிக்காரர்கள் டொல்பினைப்பற்றி எழுதிவைத்ததை அவர் எடுத்துத் தருகிறார்: கடலில் மூழ்குகிறவனைக் காப்பாற்றும் உயிர்; நீந்தத் துணையாகத் தன் முதுகைக் கொடுக்கும். சட்டம் உண்ணலாம் என்கிறது, வருணனை அதைக் காப்பாளன் என்கிறது. அந்த அறிஞருக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க முடிந்தது. இன்றைய மார்க்கப் பேச்சில் சட்டம் நிலைத்துவிட்டது, வருணனை நழுவிவிட்டது. அந்த வருணனையை மீட்பது அவசரமான வேலை.

கல்முனைக் கடற்கரைப்பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் கொடியேற்றம் நடக்கிறது. கப்பலின் ஓட்டையை அடைத்துக் காத்தவர் என்று கடலோடிகள் நம்பும் பெரியார் அவர். இந்த வழக்கம் மார்க்கத்தில் சரியா என்பதில் ஊருக்குள் இரு கருத்து உண்டு. ஆனால் கடலும் வணக்கமும் ஒன்றையொன்று அறிந்திருந்த ஒரு காலத்தின் தடம் அந்தக் கொடியில் இருக்கிறது. கடற்கரையில் பள்ளி கட்டியவர்கள் கடலை மறந்து தொழவில்லை.

ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது என்று பார்க்கவில்லையா என்று பாலைவனத்து மக்களிடம் கேட்டது அல்குர்ஆன். அவர்கள் நாள்தோறும் ஏறிச் சென்ற, கறந்து குடித்த, அறுத்து உண்ட மிருகம் அது. பயன்படுத்தித் தெரிந்ததை, பார்த்தும் தெரிந்துகொள் என்பதே அந்தக் கேள்வி. கரையோரத்து மக்களிடம் அதே கேள்வி எந்த உயிரைக் காட்டிக் கேட்கப்படும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கடலுக்கு அருகிலேயே நிற்கிறது. இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமான பீடம் அங்கே; பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். வலையில் சிக்கிய டொல்பினைப்பற்றிய பத்வாவுக்கு இரு பீடத்தாரும் ஒன்றாக உட்கார வேண்டும். ஒரு தரப்பிடம் மட்டும் விடை இல்லை. மத்ரஸாவில் கடல் உணவுப் பாடம் நடத்தும் மௌலவி, அந்த ஒரு பாடத்தையாவது அஸருக்குப் பின் கரையில் நடத்தலாம். பொத்துவில் வரையுள்ள கடலில் எந்த மாதம் எந்த இனம் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பது படகிலிருந்து திரும்பும் மீனவர்களுக்குத் தெரியும். மாணவர்கள் அவர்களிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். பக்கத்திலேயே ஸூறா அல்அன்ஆமின் 38ஆம் வசனத்தையும் எழுதட்டும்.